டோன்யாவுக்கு இடமில்லாத வீடு

அர்லின் மறுபடியும் போய்விட்டாள்.

கட்டில் விரிப்பை நான்காக மடித்துத் தலையணைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயிருந்தாள். முந்தின நாள் டூலிங் கொடுத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தையும் காணவில்லை. பிள்ளைகள் பசியாறும் என்று சந்தோஷப்படுவதா, ரொட்டியை எடுக்கக் கை நீண்டதே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வாய் வரவில்லையே என்று கோபப்படுவதா? டூலிங் கோபத்தையே எடுத்துக்கொண்டாள். அது கைக்கு அருகிலேயே இருந்தது.

"இது மூணாவது தடவை மனாங்," என்றாள் கெம்மா. நகராட்சியின் சமூகநலப் பிரிவில் வேலை பார்க்கிறவள். "தலைவியம்மா கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"என்னை ஏன் கேக்கற? போனவளைப் போய்க் கேளு."

"அவ புருஷன் மேல உசுரா இருக்கா போலிருக்கு."

"உசுரு! புருவத்துல தையல் போட்டு இன்னும் நூல் பிரிக்கலை. அதுக்குள்ள உசுரு!"

ஒப்டூலியா என்பது கோயிலில் வைத்த பெயர். ஹினாபோ ஊரில் எல்லோருக்கும் அவள் பேக்கரி டூலிங்; இளையவர்களுக்கு 'மனாங்', அதாவது அக்கா. சந்தை முனையில் அவள் கடைதான் ஊரிலேயே முதலில் விளக்கெரிகிற இடம். அதனாலேயே, பொழுது விடியும்முன் வீட்டைவிட்டு ஓடிவருகிற பெண்களுக்கும் அதுவே முதல் வாசலாகிப் போயிற்று. உதடு கிழிந்தவள், கைக்குழந்தையை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தவள், ஒற்றைச் செருப்போடு வந்தவள் என்று எத்தனையோ பேர். டூலிங் அவர்களை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பாள். அடுப்புச் சூட்டில் குழந்தைகள் தூங்கிவிடும். விடிந்ததும் புருஷனோ மாமியாரோ தேடிக்கொண்டு வருவார்கள். மாவு மூட்டைக்குப் பின்னால் யாரை எத்தனை நாள் ஒளித்துவைக்க முடியும்?

அரிசி ஆலைக்குப் பின்னால் சித்தி விட்டுப்போன வீடு பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் ஆள் உயர மதில். அதைத் திறந்து நான்கு கட்டில் போட்டால் போதும் என்றுதான் டூலிங் நினைத்தாள். ஆனால் நகராட்சி ஒப்புதல் கொடுக்கக் கமிட்டி வேண்டும் என்றார்கள். கமிட்டிக்குத் தலைவியாக டாக்டர் வீட்டம்மா சொக்கோரோ வில்லாரூஸ் வந்தாள். வந்ததும் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பதில் ஆறு மாதம் போயிற்று. வெளிநாட்டுப் பணம் கிடைத்தது. அதில் இன்ன இன்னதுதான் வாங்கலாம் என்று கட்டளை. சுவரில் ஓவியம் வரையலாம், கூரை ஒழுகலை அடைக்க முடியாது. 'மனம் ஆறும் மூலை' என்று ஒன்று வைத்து, உட்கார்ந்தால் ஆளையே விழுங்குகிற பஞ்சுமணி மூட்டைகள் நான்கு வாங்கிப் போடலாம், கக்கூஸுக்குக் கதவு வாங்க முடியாது. கதவை டூலிங் தன் கைக்காசில் போட்டாள். வீடு திறக்க இரண்டு வருடம் ஆனது.

வீட்டுக்கு முதலில் வந்தவள் அர்லின். வந்து, போய், வந்து, போய், இப்போது மூன்றாம் முறையும் போய்விட்டாள். மூன்று முறை திரும்பிப் போனவளுக்கு இனி இடமில்லை என்பது தலைவியம்மா எழுதிவைத்த விதி.

ஞாயிறு பூசை முடிந்ததும் டூலிங் ரொட்டி கொண்டுபோகிற ட்ரைசிக்கிளில் ஏறிப் பாலத்தைத் தாண்டி மேட்டூர்ப் பக்கம் போனாள். பாலத்து முனையில் பன்றிக் காய்ச்சல் சோதனைச் சாவடி. பெர்னி என்ற காவல்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பன்னிக்கறி, தொத்திறைச்சி ஏதாச்சும் இருக்கா மனாங்?" என்றான்.

"ரொட்டி மட்டும்தான். ரொட்டிக்குக் காய்ச்சல் வராது."

"யார் கண்டா, கலிகாலம்," என்று சொல்லி டயருக்கு மருந்து அடித்து விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அர்லினின் புருஷன் வில்மர் சேவல் சண்டையில்தான் இருப்பான். அது ஊருக்கே தெரியும். மூங்கில் வீட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்பக்கம் போனாள். நிப்பா ஓலை வேய்ந்த கொட்டிலுக்குள் அர்லின் குந்தி உட்கார்ந்து, ஒரு பெரிய வெள்ளைப் பன்றியின் முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பன்றியின் வயிறு தரையைத் தொட்டது. ஒன்பது வயது ஜென்னிலின் சேம்பு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவன் போபோய் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஈ விரட்டினான்.

டூலிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்குடி பொண்ணே. நான் உனக்காகக் கமிட்டியில் சண்டை போட்டுட்டு நிக்கறேன். நீ இங்க வந்து அவனுக்குப் பன்னி மேய்க்கற."

அர்லின் எழுந்திருக்கவில்லை. "அவனுக்கில்ல மனாங். எனக்கு."

"உனக்கா?"

"காய்ச்சல் வந்தப்போ இந்த மேட்டூரைத் தவிர சுத்துப்பட்டு அத்தனை ஊர்லயும் பன்னியைக் குழிவெட்டிப் புதைச்சாங்களே, ஞாபகம் இருக்கா? இங்கயும் பயத்துல பாதிப் பேர் வித்துட்டாங்க. நான் விக்கலை. என் துணிமணி வித்தேன், இவளை விக்கலை. இப்போ சினை. இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ. உங்க வீட்டுக்கு நான் வந்தா அவன் இவளுக்குத் தண்ணி வைக்க மாட்டான். போன தடவை வந்து பார்க்கறேன், நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கா. தொட்டி காஞ்சு கிடக்கு. வேணும்னே பண்றான். நான் எதுக்குத் திரும்பி வருவேன்னு அவனுக்குத் தெரியும்."

"அப்போ மூணு தடவையும்..."

"பின்ன? அவன் மூஞ்சியைப் பார்க்கவா வந்தேன்?" அர்லின் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். புருவத்துக் காயத்துக்குக் கீழே கன்னம் புதிதாக வீங்கியிருந்தது. "உங்க வீட்ல எனக்குக் கட்டில் இருக்கு. பிள்ளைங்களுக்கு இடம் இருக்கு. டோன்யாவுக்கு எங்க மனாங் இடம்? ஆறு மாசம் வெச்சுக்கறேன்னு சொன்னீங்க. ஏழாவது மாசம் நான் எதை வெச்சுப் பிழைக்கறது? அந்தப் பஞ்சுமணி மூட்டையையா?"

பன்றிக்கு டோன்யா என்று பெயர். நிலச்சுவான்தார் வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற பெயர். அது கண்ணை மூடிக்கொண்டு அதற்கேற்ற ஒரு உறுமல் உறுமியது.

"ஏன்டி, முதல் நாளே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேட்டீங்களா? உங்க கெம்மா மேடம் கேட்டாங்க. தூக்கம் வருதா, கெட்ட கனவு வருதா, நீ ஒரு கலரா இருந்தா என்ன கலரா இருப்பேன்னு. பன்னி இருக்கான்னு யாருமே கேக்கலையே!"

திரும்பி வருகிற வழியெல்லாம் டூலிங்குக்கு யார்மேல் எரிச்சல் என்றே பிடிபடவில்லை. வாய் திறக்காத அர்லின் மேலா, கேட்கத் தெரியாத தன் மேலா, ரோஜா நிறத் திரைச்சீலை மேலா? யார்மேலானால் என்ன, ஒரு கொட்டில் கட்ட வேண்டும். அவ்வளவுதானே. கொல்லையில் இடம் கிடக்கிறது. பத்து மூட்டை சிமெண்ட் வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை.

"பன்றியா?" என்றாள் திருமதி வில்லாரூஸ், காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமல். "டூலிங், அது மனசு நொந்தவங்க வந்து அமைதியா இருக்க வேண்டிய இடம். அங்க பன்றி நாத்தமா?"

"அவ மனசு நொந்ததே அந்தப் பன்னிக்குத் தண்ணி வைக்கலைன்னுதான்."

"நம்ம பணத்துல விலங்குகளுக்குச் செலவழிக்க முடியாது. பணம் கொடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? வேணும்னா சுவத்துல பன்றி படம் வரையச் சொல்லலாம். குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் டூலிங்குக்குத் தாங்கவில்லை.

நகராட்சிக்குப் போனால், பன்றியைப் பாலம் தாண்டிக் கொண்டுவர அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதிக்கு உரிமையாளர் வர வேண்டும். உரிமையாளர் யார்? குடும்பத் தலைவர். குடும்பத் தலைவர் யார்? வில்மர். அதில்லாமல் மேட்டூர்த் தலைவரின் கையெழுத்தும் வேண்டும்.

மேட்டூர்த் தலைவர் எஃப்ரென், ஊர்த் தலைவர் என்பதால் எல்லோருக்கும் 'காப்', வில்மரின் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சேவலின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வா டூலிங். ரொட்டி கொண்டு வந்தியா?"

"இல்ல. அர்லினுக்குப் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுங்க காப். அவன் அவகிட்ட நெருங்கக் கூடாதுன்னு. சட்டப்படி நீங்கதான் கொடுக்கணும். எத்தனை தடவை கேக்கறது?"

"புருஷன் பொண்டாட்டின்னா பல்லும் நாக்கும் மாதிரி. ஒரு நேரம் கடிபடும். ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசறேன்."

"பேசக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. சமாதானம் பேசற வேலை உங்களுது இல்ல."

"சட்டம் மணிலாவுல எழுதினது. இவங்க மேட்டூர்ல குடியிருக்காங்க." சேவலை மடியில் திருப்பிப் போட்டார். "சரி, உனக்கு என்னதான் வேணும்? அவளைக் கூட்டிட்டுப் போகணும்னா தாராளமாக் கூட்டிட்டுப் போ. நான் தடுத்தேனா? பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போ."

"பன்னி?"

"அது எப்படி முடியும்? பன்னிக்குக் கையெழுத்து வேணுமே! ஊர்ல நோய் பரவினா யார் பொறுப்பு?"

டூலிங் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரத்தம் ஒழுக ஒரு பெண் அந்தப் பாலத்தைத் தாண்டி எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், வரலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பன்றி தாண்ட வேண்டுமானால் மூன்று கையெழுத்து. இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொன்னால் காப், 'அதான் சொல்றேனே' என்பார் என்று தோன்றியது. சொல்லாமல் வந்துவிட்டாள்.

அந்த வாரம் மேட்டூர்க் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பும்போது, உச்சி வெயிலில் பாலத்துக்கு மேட்டூர்ப் பக்கமே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஆளேற்றும் ஜீப்னி டிரைவர் ஒருவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"என்னப்பா, விபத்தா?"

"இல்ல மனாங். பன்னி. நடுப் பாலத்துல படுத்துக்கிச்சு."

டூலிங் வண்டியிலிருந்து குதித்து ஓடினாள். அவள் வயசுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமில்லைதான். ஆனாலும் ஓடினாள்.

பெர்னியின் சாவடியைத் தாண்டி, கால் நனைத்துப் போகிற மருந்துத் தொட்டியையும் தாண்டி, நகரத்துப் பக்கமாகப் பத்தடியில் டோன்யா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். கழுத்தில் கயிறு. அர்லின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். ஜென்னிலின் பழைய துணியை நனைத்து நனைத்துப் பன்றியின் காதில் வைத்தாள். போபோய் துணிமூட்டைமேல் உட்கார்ந்து அழுதான்.

"கசாப்புக்காரன் நாளைக்கு வர்றான் மனாங்," என்றாள் அர்லின், தலையைத் தூக்காமலே. "வித்துட்டான். சினைப் பன்னியைப் போய் வித்துட்டான், சேவல் பந்தயத்துக்கு. தடுத்ததுக்குத்தான் இது." தோளைக் காட்டினாள். "அப்புறம் அசந்து தூங்கினான். ஓட்டிட்டு வந்துட்டேன். பெர்னி நில்லு நில்லுன்னான். இவ எங்க நிக்கறா? தொட்டியை மிதிச்சுட்டு வந்து விழுந்துட்டா. பால் கட்டிடுச்சு. இனி எந்திரிக்க மாட்டா. ஈனப் போறா."

"ஐயையோ, இங்கயா?" என்றான் பெர்னி. "அக்கா, இங்க ஈனக் கூடாது. இது சோதனைச் சாவடி."

"அதை அவகிட்டச் சொல்லு."

பெர்னி கால்நடை டாக்டருக்குப் போன் அடித்தான். காப்புக்குப் போன் அடித்தான். அதற்குள் முதல் குட்டி வந்துவிட்டது. அர்லின் அதன் மூக்கைத் துடைத்து, துணியால் உடம்பைத் தேய்த்து, முலைக்காம்பில் வைத்தாள். ஜீப்னியில் இருந்தவர்கள் இறங்கி வந்து வட்டமாக நின்றார்கள். யாரோ ஒரு பெண் தன் குடையை விரித்துப் பன்றியின் முகத்துக்கு நிழல் பிடித்தாள். இரண்டாவது குட்டியும் வந்தது. அப்போதுதான் வில்மர் வந்தான்.

மோட்டார் சைக்கிளைப் போட்ட போக்கில் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். நேராக வந்து அர்லினின் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கையில் குட்டியோடு அவள் மல்லாந்து விழுந்தாள். குடை பிடித்திருந்த பெண் "ஏசுவே!" என்றாள். மற்ற யாரும் வாய் திறக்கவில்லை. டிரைவர் கைபேசியைப் பார்த்தான். இரண்டு ஆண்கள் ஆற்றைப் பார்த்தார்கள். பெர்னி தோளில் மருந்துத் தெளிப்பானோடு நின்றான். ஐந்தடி தூரம்கூட இல்லை. நின்றபடியே நின்றான்.

டூலிங் பாய்ந்து வில்மரின் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைதான். என்றாலும் அவன் உதறியதில் கைப்பிடிச் சுவரில் போய் மோதினாள்.

வில்மர் மனைவியை விட்டுவிட்டுப் பன்றியின் கழுத்துக் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தான்.

"ஏய்!" என்று கத்தினான் பெர்னி. விசிலை எடுத்து ஊதினான். தெளிப்பான் குழாயை நேராக வில்மரின் நெஞ்சுக்கு நீட்டினான். "பன்னியைத் தொடாதே! நோய்த் தடுப்பு! ஒரு அடி எடுத்து வெச்சே, கேஸ் போட்டுருவேன். பின்னால போ! கோட்டுக்குப் பின்னால போ!"

வில்மர் போனான். நம்ப முடியவில்லை, போனான். டூலிங் சுவரைப் பிடித்து நிமிர்ந்து பெர்னியைப் பார்த்தாள். இந்த வாய், இந்த விசில், இந்தக் குழாய் எல்லாம் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தது? தோள்பட்டை வலித்ததைவிட அது வலித்தது.

"ஏன் பெர்னி, தலைமயிரைப் பிடிச்சு இழுத்தானே, அப்போ விசில் அடைச்சுக்கிச்சா?"

பெர்னியின் முகம் சிவந்துபோயிற்று. "அதுக்கு எனக்கு உத்தரவு இல்ல மனாங்," என்றான் மெதுவாக.

காப்பும் கால்நடை டாக்டர் நபோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் நபோருக்கு மனிதர்களைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. பன்றியைத்தான் முதலில் பார்த்தார். உடம்புச் சூடு பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், நான்காவது குட்டியைத் தன் கையாலேயே எடுத்துவிட்டார். பிறகு எழுந்து, "யார் பன்னி இது?" என்றார்.

"என்னோடது டாக்டர்," என்று கோட்டுக்குப் பின்னாலிருந்து வில்மர் கத்தினான். "என் பேர்லதான் பதிஞ்சிருக்கு. இவ திருடிட்டு வந்துட்டா."

"அனுமதி எங்க?"

"என்ன அனுமதி?"

"உங்க பன்னி அனுமதி இல்லாம நோய்த் தடுப்புக் கோட்டைத் தாண்டியிருக்கு. உரிமையாளருக்கு அபராதம். கட்டலைன்னா ஜெயில். பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வில்மர் காப்பைப் பார்த்தான். காப் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் எங்க ஓட்டிட்டு வந்தேன்?" என்றான் வில்மர். "அவதான் ஓட்டிட்டு வந்தா."

"ஓட்டினது யாருன்னு கேக்கலை. பன்னி யாருது?"

"அவளுது! அவதான் வளர்த்தா, அவளே கட்டட்டும். எனக்கும் அந்தப் பன்னிக்கும் சம்பந்தமில்ல!"

அர்லின் மண்டியிட்டபடியே தலையைத் திருப்பினாள். தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் கிடந்தது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள். "காப், நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டோம்!" என்றது குடைக்காரப் பெண்ணின் குரல். ஜீப்னிக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கேட்டாச்சு கேட்டாச்சு, சம்பந்தமே இல்லையாம்!" என்று இன்னொருவன் உரக்கச் சொன்னான். தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது ஆற்றைப் பார்த்தவன்தான் அவன். இப்போது வாய் வந்திருந்தது.

டாக்டர் நபோர் பன்றியை அர்லின் பேரில் எழுதிக்கொண்டார்; அபராதத்தைத் தவணையில் கட்டலாம் என்றார். தொட்டியைத் தாண்டிவிட்டதால் பன்றி மேட்டூருக்குத் திரும்பக் கூடாது. அங்கே நோய் இல்லை, போகவும் விடமாட்டேன் என்றார். நகரத்துக்குள்ளும் அலையவிடக் கூடாது. மதில் சூழ்ந்த, பக்கத்தில் வேறு பன்றியில்லாத இடத்தில் நாற்பது நாள் தனியாக வைக்க வேண்டும். வளர்க்கிறவளும் பிள்ளைகளும், உதவிக்கு ஒன்றிரண்டு பேரும் மட்டும் கூட இருக்கலாம். வேறு ஈ காக்கை உள்ளே போகக் கூடாது. வாசலில் ஆள் நிறுத்துவேன் என்றார்.

"என்கிட்ட ஒரு வீடு இருக்கு," என்றாள் டூலிங். "ஆள் உயர மதில். கிட்டத்துல ஒரு பன்னி கிடையாது. எல்லாம் காய்ச்சல்ல போயாச்சு."

அப்படித்தான் டோன்யா வந்து சேர்ந்தாள். ஈன்ற எட்டில் இரண்டு பாலத்திலேயே செத்துப்போயின. நகராட்சி லாரி வந்தது, தார்ப்பாய் வந்தது, மருந்து வந்தது, வாசலுக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள், எல்லாம் சாயங்காலத்துக்குள். தன் வீட்டுக்கு ஒரு காவலர் வேண்டும் என்று டூலிங் எழுதிக் கொடுத்த மனு ஒரு வருடமாக எந்த மேஜையில் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது.

வெட்கமோ, ஊர்ப் பேச்சோ, காப் எஃப்ரென் மறுநாளே பாதுகாப்பு உத்தரவை எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால், பதினைந்து நாளைக்கு.

"பன்னிக்கு நாற்பது, எனக்குப் பதினஞ்சா?" என்றாள் அர்லின். அழுவாள் என்று டூலிங் நினைத்தாள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு டூலிங்குக்குப் பிடிக்கவில்லை.

திருமதி வில்லாரூஸ் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவளோடு கமிட்டியும் போயிற்று, வெளிநாட்டுப் பணமும் போயிற்று. திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போக ஆள் அனுப்பினாள். காவலர்கள் உள்ளே விடவில்லை. பஞ்சுமணி மூட்டை ஒன்றை டோன்யா கடித்துக் குதறிவிட்டாள். வெள்ளை மணிகள் கொல்லையெங்கும் பறந்தன. டூலிங் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

கெம்மா மட்டும் நின்றாள். நகராட்சி வேலை முடிந்து வந்து தவிடு குழைத்தாள். இப்போது புதிதாக வருகிற பெண்களிடம் கனவைப் பற்றிக் கேட்பதற்குமுன், "வீட்ல என்ன வளர்க்கறீங்க?" என்று கேட்டாள்.

வில்மர் ஒருமுறை வாசல்வரை வந்தான். காவலர்கள், "பன்னிக் காய்ச்சல் தடுப்பு, உள்ள யாரும் போகக் கூடாது," என்று விரட்டிவிட்டார்கள். நாற்பதாவது நாள் டூலிங் டாக்டர் நபோரிடம் போய் இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"பன்னிக்கு ஒண்ணும் இல்லையேம்மா. கல்லு மாதிரி இருக்கு."

"பன்னிக்கு இல்ல டாக்டர்."

அவர் புரியாமல் பார்த்தார். மறுநாள் காவலர்களை எடுத்துவிட்டார்.

நீதிமன்றத்தில் நீண்ட நாள் உத்தரவுக்கு மனு போட்டிருந்தார்கள். முதல் தேதியில் நீதிபதி விடுப்பு. அடுத்த தேதியில் கரண்ட் இல்லை. அதற்கடுத்த தேதியில், சம்மனை வில்மர் கையில் கொடுக்க முடியவில்லை, அவன் கரும்பு வெட்ட நெக்ரோஸ் தீவுக்குப் போய்விட்டான் என்றார் குமாஸ்தா. கரும்புப் பருவம் முடிந்து வரட்டும், பிறகு பார்க்கலாம்.

"அவன் போனது நல்லதுதானே மனாங்?" என்றாள் அர்லின், நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது.

"நாம விரட்டி அவன் போகலை. கரும்பு விளைஞ்சிருக்குன்னு போயிருக்கான். வெட்டி முடிச்சா வருவான்."

"வரட்டும். குட்டி அதுக்குள்ள வித்திருப்பேன். ரெண்டு பொட்டைக் குட்டியை வெச்சுக்கறேன். எங்க அத்தை ஆன்டிகே மாகாணத்துல கொட்டில் போட இடம் தர்றேன்னிருக்கா. அங்க போயிட்டா அவன் வந்தாலும் தேடட்டும்." வெயிலைப் பார்த்தாள். "நான் போறேன். டோன்யாவுக்குத் தண்ணி வைக்கணும். ஜென்னிலின் ஸ்கூல்ல இருப்பா."

அவள் ட்ரைசிக்கிள் பிடித்துப் போய்விட்டாள். டூலிங் படியிலேயே நின்றாள். யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது. குமாஸ்தா சாப்பிடப் போய்விட்டார். பாக்கெட்டில் போன் அடித்தது. கெம்மா.

"மனாங், மலைப்பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு பேசிச்சு. மூணு பிள்ளைங்க. நாளைக்கே கிளம்பி வரணும்கறா. நான் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

கெம்மா தயங்கினாள். "எருமை. உழவு எருமை."

"ஒண்ணா?"

"ஒண்ணும், ஒரு கன்னும்."

டூலிங் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். பிறகு தெருவைக் கடந்து சிமெண்ட் கடைக்குள் போனாள். கல்லாவில் இருந்தவர், சரக்கு இருக்கிறது, ஆனால் வண்டி திங்கட்கிழமைதான் வரும் என்றார்.

"திங்கக்கிழமையா?" என்றாள் டூலிங். "என் ட்ரைசிக்கிள் வாசல்ல நிக்குது. இப்பவே ஏத்துங்க."

"ரொட்டி வண்டில சிமெண்டா? அச்சு முறிஞ்சிரும் மனாங்."

"முறிஞ்சா முறியட்டும். ஏத்துங்கய்யா."